ஓடு மாற்ற வந்த கொழுந்தன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஆரணியில் மாமனார் விட்டுப்போன ஓட்டு வீட்டில், கணவர் இறந்த பிறகும் நான் தனியாகத் தறி நெய்து பிழைத்துவந்தேன். வீட்டில் கணவரின் தம்பிக்கும் பங்கு உண்டு. பக்கத்துத் தெருவில் இருந்தும் எட்டிப் பார்க்காதவர், ஒருநாள் பாசமாக வந்து நின்றார்.

“மழைக்கு முன்னாடி ஓட்ட மாத்திடலாம் அண்ணி. ஒரு வாரம் தேவிகாபுரத்துல உங்க அம்மா வூட்ல இருந்துட்டு வாங்க. சாவிய எங்கிட்ட குடுங்க.”

“தறியில பட்டுப் பாவு இருக்குதே தம்பி?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். ஜல்தியா கெளம்புங்க, பஸ் போயிடும்.”

சாவியைக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறுத்தியது. யாராவது பக்கத்தில் பெருக்கினாலே, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளை மூடச் சொல்லிக் கத்துகிற நெசவாளி கொழுந்தன். ஓடு பிரித்தால் அத்தனை தூசியும் பட்டில்தானே கொட்டும்? மூடிவிட்டுப் போகச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இறங்கித் திரும்பி நடந்தேன்.

வாசலில் செங்கல்லும் மணலும் கிடந்தன. புது ஓடு ஒன்றுகூட இல்லை. கொத்தனார் வாசலை அளந்துகொண்டிருந்தார்.

“எதுக்குங்க அளக்கறீங்க?” என்றேன்.

“முன்பக்கத்த இடிச்சிட்டுக் கடைக்கு ஷட்டர் வெக்கணுமாம். இங்க இருந்த அம்மா காலி பண்ணிகினு போயிட்டாங்களாமே?”

நேரே உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தேன். கொழுந்தன் வந்து திருதிருவென்று விழித்தார்.

“பாவுல தூசி விழுமேன்னு வந்துட்டேன் தம்பி. சாவிய குடுங்க.”

அதற்குப் பிறகு சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. மறுவருடம் நானே ஆள் வைத்து ஓடு மாற்றினேன். வேலை முடியும்வரை வீட்டை விட்டு நகரவில்லை. பாவுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, நான் குடை பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.