லிசி ஷெல்லை மாற்றிய நாள்

காட்டூர் லிசிக்கு நாற்பத்தொரு வயது. கல்லூரிகளுக்குத் தேர்வு வேலை செய்து கொடுக்கும் ஒரு தில்லைநகர் கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையை வாங்கிப் புரிந்துகொண்டு, கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கித் தருவதற்கு ஷெல் என்று பெயர். அதில் பல வகை உண்டு. லிசி ஆசையாக வைத்திருந்தது ஃபிஷ். அடேயப்பா, அது என்ன சமர்த்து! தப்பாகத் தட்டினால் உடனே சிவப்பாகும். பாதி தட்டும்போதே, பழைய கட்டளைகளைப் பார்த்து மீதியை ஊகித்து, வெளிறிய சாம்பல் எழுத்தில் காட்டிவிடும். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளாமல் என்டர் அடித்தால், நாம் தட்டியது மட்டும்தான் போகும்.

இதற்கிடையில் லிசியின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம், அதுவும் மங்கல். ஒருநாள் அதுவும் போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கணவர் ஆஸ்டினைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீசில் தெரிந்தால், பாவம் பார்த்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, ஒரு காதில் இயர்போன் மாட்டிக் கேட்டுப் பழகினாள். பக்கத்து சீட் சிவசங்கர் ஸ்ரீரங்கத்துப் பையன், வாய் சும்மா இருக்காது. “என்னக்கா, வேலை நேரத்துல பாட்டா? நடத்துங்க, நடத்துங்க!” என்பான். அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஒரு புதன்கிழமை, ஒரு கல்லூரியின் பழைய வருஷத்து விடைத்தாள்களை அழிக்க வேண்டியிருந்தது. அழிக்கும் கட்டளையையும் கல்லூரியின் பெயரையும் தட்டிவிட்டு, சரிதானா என்று கேட்டுப் பார்த்தாள். காதில் வருஷத்தோடு முழுசாக வந்தது. வருஷத்தையும் தட்டிவிட்டோம் என்று நம்பி என்டரை அடித்தாள். ஆனால் வருஷம் அவள் தட்டியதல்ல. போன வாரம் விடைத்தாள்களின் ஒரு நகலில் ஒத்திகை பார்த்த கட்டளையிலிருந்து ஃபிஷ் ஊகித்தது. வாசிக்கிற குரலுக்குச் சாம்பல் நிறம் ஏது? இருந்ததையெல்லாம் வாசித்துவிட்டது. ஒரு வருஷத்துக்குப் பதிலாக அந்தக் கல்லூரியின் தாள்கள் மொத்தமும் போயின.

லிசி உடனே சிவசங்கரைக் கூப்பிட்டுச் சொன்னாள். முந்தின நாள் எடுத்துவைத்த நகல் இருந்ததால், சிவசங்கர் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டான். பிறகுதான் கேட்டான். “ஏன்க்கா, அது சாம்பல் கலர்லதானே இருந்திருக்கும்? தெரியலையா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “தெரியலைப்பா. காதால கேட்டுத்தான் அடிச்சேன். கண்ணு போயிட்டிருக்கு.”

அவன் முகம் செத்துப்போயிற்று. மேனேஜர் அனுசுயாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. “அழிக்கிற வேலையெல்லாம் இனிமே சிவா பார்க்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க லிசி” என்றார், அவ்வளவு மெதுவாக. அந்தக் கனிவுதான் லிசிக்குச் சுருக்கென்றது.

“ரெஸ்ட் வேணாம் மேடம். ஷெல்லை மாத்திக்கிறேன். பாஷ்ங்கிற பழைய ஷெல் போதும். அது தானா எதையும் ஊகிக்காது. நான் தட்டினது மட்டும்தான் இருக்கும், அதைத்தான் நான் கேப்பேன்.”

“ஃபிஷ்லயே ஊகிக்கிறதை நிறுத்திடலாமேக்கா” என்றான் சிவசங்கர், மேனேஜர் அறை வாசலில் நின்றபடி.

“இந்த ஒரு சர்வர்ல நிறுத்தலாம்ப்பா. மத்த எல்லாத்துலயும் பாஷ்தான் இருக்கு. எதுல நுழைஞ்சாலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் எனக்குத் தைரியம்.”

அனுசுயா நம்பிக்கையில்லாமல் பார்த்தார். லிசி தன் லேப்டாப்பை எடுத்துவந்து அங்கேயே மாற்றிக் காட்டினாள். இயர்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில் குரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் அடித்திருக்க வேண்டிய அதே கட்டளையைக் கல்லூரியின் பெயர்வரை தட்டிக் கேட்டாள். பெயரோடு குரல் நின்றது, வருஷம் வரவில்லை. அதையும் தட்டி, முழுவதையும் மறுபடி கேட்டாள். சிவசங்கர் திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். அவள் யாரையும் கேட்காமல் என்டரை அடித்தாள். அந்த ஒரு வருஷம் மட்டும் போயிருந்தது.

“இன்னும் எவ்வளவு நாள் கண்ணு தெரியும்னு டாக்டர் சொன்னாரா?” என்று கேட்டார் அனுசுயா.

“சொல்லலைங்க. அது போனதுக்கப்புறமும் நான் வேலைக்கு வருவேன்” என்றாள் லிசி. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

அனுசுயா சரியென்று தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்று பிறகு சட்டென்று உறைத்து, “வேலைக்கு வாங்க லிசி” என்று வாய்விட்டுச் சொன்னார்.