அப்பா சொன்ன வசனம்

நேற்று மகளின் செல்போனில் ஓர் ஆங்கிலப் படம் ஓடியது. முறியவிருந்த இல்லறத்தை ஜெபம் காப்பாற்றும் கதை. அந்தப் பியானோ இசையை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

தொண்ணூறுகளில், கருமத்தம்பட்டியில் தறிகள் ஓய்ந்த ஒரு ஞாயிறு. மாதா கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து இதே படத்தை வீடியோவில் பார்த்தோம். உபதேசியாரான அப்பாதான் படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். அவரும் அம்மாவும் பேசி இரண்டு மாதமாகியிருந்தது.

படத்தில் கணவன் மண்டியிட்டதும் அப்பா பெண்கள் பக்கம் திரும்பினார்.

“நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன், அம்மணி. மன்னிச்சுக்கன்னு சொல்றானுங்க.”

“ஏனுங்க, மீதிப் படத்தப் போடுங்க. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்” என்றாள் அம்மா.

நேற்று அந்தக் காட்சியை இரண்டு முறை பார்த்தேன். அந்தக் கணவன் அழுகிறான், அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.