நோய் விசாரிக்க வந்த கஞ்சா

மருந்துக் கஞ்சாவைப் பற்றித் தொலைக்காட்சி பேசத் தொடங்கிய மாதத்தில்தான் என் ராத்தாவின் முதுகெலும்புக்குப் புற்றுநோய் இறங்கியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பை உண்டாக்கியது எங்கள் ஊர்.

எனக்கு மூத்தவரான ராத்தா சாய்ந்தமருதில் எங்கள் உம்மா விட்டுப்போன வீட்டில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படி இரண்டு தெரு தள்ளிப் போனவன். ராத்தாவின் கணவர் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். ஒரே மகள் புருஷனோடு கட்டாரில். ஆகவே கல்முனைப் பஸாரில் இருக்கும் என் தையல் கடையை நண்பகல் லுஹர் தொழுகையோடு பூட்டிவிட்டு நான்தான் போய்ப் பார்த்துக்கொள்வேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. கடையிலும் "கையத் தூக்குங்க" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வலிக்கு ஒரு மருந்து கொடுப்பார்கள். அதைக் குடித்தால் ராத்தா சில மணி நேரம் தூங்குவார். அந்த மருந்து முடிந்துபோயிருந்தது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் "இன்னும் வரல்ல" என்று தலைவலிக்குப் போடும் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். முதுகுக்குள் கத்தி நிற்கிற ஆளுக்குப் பனடோல். அந்த நாட்களில் நாடு முழுவதும் மருந்தைப் பற்றித்தான் பேசியது. இந்த மருந்தைப் பற்றி அல்ல.

எந்தச் சனலைத் திருப்பினாலும் ஒரே இலை ஆடியது. எல்லாச் சனலும் ஒரே செடியைப் படம் பிடித்ததா, அல்லது ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கினார்களா தெரியாது. இலைக்குக் கீழே நாலு பெட்டிகளில் நாலு தலைகள். ஒருவர் இது வந்தால் நாட்டுக்கு டொலர் கொட்டும் என்பார். ஒருவர் பிள்ளைகள் எல்லாம் தெருவில் விழுந்து கிடப்பார்கள் என்பார். மற்ற இருவரும் தங்களுக்கு நேரம் போதவில்லை என்பார்கள். 'நோயாளிகள்' என்ற சொல்லை நாலு பேரும் சொன்னார்கள். ஒரு நோயாளியையும் பெட்டிக்குள் விடவில்லை. நோயாளி தேவைப்பட்டால் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் ஒரு வெள்ளைக்காரரைக் காட்டினார்கள்.

எங்கள் ஊரில் நோயாளியைப் போய் விசாரிப்பது பெரிய நன்மை. கொஞ்ச நேரம் இருந்து, துஆச் செய்துவிட்டு எழும்பிவிட வேண்டும் என்றும் மார்க்கம் சொல்கிறது. அந்தப் பிற்பகுதி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அப்பிள் பையோடும் மால்ட் போத்தலோடும் வருவார்கள், கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுவார்கள், மூன்றாவது தேத்தண்ணி வரைக்கும் இருப்பார்கள். முன்பெல்லாம் சுகத்தையும் ஊர்ப்புதினத்தையும் பேசினார்கள். தொலைக்காட்சியில் இலை ஆடத் தொடங்கிய பிறகு ராத்தாவின் அறை இன்னொரு சனலாகிவிட்டது.

அந்தச் சனலுக்கு நிரந்தரமாக இரண்டு பேர். ஒருவர் என் மனைவியின் காக்கா, என் மச்சான். கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விவாதம் பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தார். மற்றவர் பள்ளிவாசலில் எங்கள் தாய்வழிக் குடிக்குப் பொறுப்பான மரைக்கார்.

"மச்சி, இனிக் கவலப்படாதீங்க," என்று மச்சான் ராத்தாவிடம் தொடங்கினார். "கஞ்சாவ மருந்தாக்கப் போறாங்க. வெளிநாட்டில வலிக்கி அந்த மாதிரி வேல செய்யிதாம்."

மரைக்கார் கோப்பையைக் கீழே வைத்தார். "நோயாளிக்கிப் பக்கத்தில இரிந்து ஹராமக் கதைக்காதீங்க கிளாக்கர்."

"மருந்துக்கெண்டா ஆகும் எண்டு ஆலிம் ஒருத்தரே செல்றாரு."

"எந்த ஆலிம்?"

"டிவியில வந்தாரே."

"தாடி எவ்வளவு இரிந்திச்சி?"

மச்சான் தாடியை விட்டுவிட்டு வயலுக்குப் போனார். "நாவிதன்வெளியில எனக்கி ஒரு துண்டு வயல் கிடக்கு. தண்ணியும் ஒழுங்கா வாறல்ல, உரமும் கிடைக்கிறல்ல. இதப் போட்டா டொலர்."

"மாடு பூந்து திண்டா?"

"திண்டாப் படுத்துக் கிடக்கும். இப்ப மட்டும் என்ன, எழும்பி நிண்டு வேலயா செய்யிது?"

ராத்தா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "அப்ப அத எப்ப எங்களுக்குத் தருவாங்க?"

மச்சானுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. விவாதங்களை முழுக்கப் பார்த்தவர், பொய் சொல்ல மாட்டார். "இல்ல மச்சி, வளத்தாலும் எல்லாம் எக்ஸ்போர்ட் எண்டுதான் கதைக்கிறாங்க. உள்ளுக்க விக்க விட மாட்டாங்களாம்."

"அப்ப எனக்கி?"

"உங்களுக்கு இல்ல மச்சி. நாட்டுக்கு."

ராத்தா என்னைப் பார்த்தார். அவர்களை எழுப்பி அனுப்பு என்பதுதான் அந்தப் பார்வை. நான் எழும்பிப் போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை பேஸ்புக்கில் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்தும் இளைஞர் வந்தார். ஒரு கையில் அப்பிள், மற்றக் கையில் மூன்று கால் வைத்த போன். "காக்கா, இந்த லைட்டக் கொஞ்சம் உம்மாட முகத்துக்கு நேரப் பிடிங்க," என்றார். மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ராத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"உம்மா, கஞ்சா மருந்து வந்தா எடுப்பீங்களா?"

"என்ன மருந்தெண்டாலும் வலி நிண்டாக் காணும் மகன். ஆஸ்பத்திரி மருந்தே வரல்ல. அதப் போடுங்க, புண்ணியமாப் போகும்."

அவர் முதல் வசனத்தைப் போட்டார், இரண்டாவதையும் மூன்றாவதையும் வெட்டிவிட்டார். மேலே சிவப்பு எழுத்தில் 'கஞ்சா கேட்டுக் கண்ணீர் விடும் சாய்ந்தமருதுத் தாய்' என்று இருந்தது. கண்ணீர் உண்மை. நான் பிடித்த லைட் கண்ணைக் கூசச் செய்ததால் வந்தது. கீழே பாதிப் பேர் துஆக் கேட்டிருந்தார்கள், பாதிப் பேர் ஏசியிருந்தார்கள். ஒருவர் தன் பழைய மோட்டார் சைக்கிளை விற்பதற்கு விளம்பரம் போட்டிருந்தார்.

பிறகு மருதமுனையிலிருந்தெல்லாம் ஆட்கள் நோய் விசாரிக்க வந்தார்கள். ராத்தாவுக்கு அவர்களை யாரென்றே தெரியாது. வந்தவர்கள் சலாம் சொல்லிவிட்டு முதலில் மூக்கால் விசாரித்தார்கள். அறையில் வேப்பெண்ணெய் மணம்தான் இருந்தது. ஒரு பெண் தலையணை சரியில்லை என்று சொல்லி அதைத் தூக்கி முகர்ந்துவிட்டு வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மரைக்கார் தன் ஆட்களோடு புத்தி சொல்ல வந்தார். மச்சான் தன் ஆட்களோடு ஆதரவு சொல்ல வந்தார். கதிரை போதாமல் சிலர் கட்டிலின் கால்மாட்டிலேயே குந்தினார்கள். ஒருவர் பேசும்போது கையை வீச, கட்டில் ஆடியது. கட்டில் ஆட ஆட ராத்தா விரிப்பைப் பிடித்து முறுக்கினார்.

"தம்பி," என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

போங்கள் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்களைப் போகச் சொன்ன வீடு எங்கள் ஊரில் இல்லை. என்ன செய்தால் இவர்கள் வாயை மூடுவார்கள் என்று யோசித்தேன். ஓதினால் மூடுவார்கள். ராத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமாகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்கினேன்.

துணியைக் கத்தரித்தது போலப் பேச்சு நின்றது. நல்ல வேலை செய்தேன் என்று நினைத்தேன். யாசீனைச் சாகக் கிடப்பவருக்கு மட்டுமல்ல, சுகம் வேண்டியும் ஓதுவார்கள்தான். ஆனால் வாயே திறக்காத தம்பி, கூட்டத்துக்கு நடுவில், தலைமாட்டில் இருந்து, திடீரென்று உரத்து ஓதினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரைக்கார் ஓடி வந்து ராத்தாவின் காதில் கடைசிக் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த அறையில் பெண்கள் அழத் தொடங்கினார்கள். "கிப்லாவுக்குத் திருப்புங்க, கிப்லாவுக்கு!" என்றார் மச்சான். இரண்டு கட்சியும் சேர்ந்து கட்டிலைத் தூக்கி மக்காவின் திசைக்குத் திருப்பியது.

"ஆ!" என்று ராத்தா கத்தினார்.

"ரூஹ் பிரியிது," என்றார் ஒருவர்.

யாசீனை இடையில் நிறுத்தி ஊர்க்கதை பேச எனக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினேன். துக்கத்தில் ஆட்டுகிறேன் என்று ஒருவர் என் தோளைத் தடவினார். ஓதி முடிப்பதற்குள் ஒருவர் உடலைச் சுற்றும் கபன் துணிக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஒருவர் கபுர்க் குழி வெட்டுகிறவருக்குப் போன் எடுத்துவிட்டார். செய்திப் பக்கத்தில் 'கஞ்சா கேட்ட தாய் காலமானார்' என்று வந்துவிட்டது. மகள் கட்டாரிலிருந்து அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

நான் ஓதி முடித்ததும் ராத்தா, "யாராவது கொஞ்சம் தண்ணி தாங்க," என்றார்.

வந்தவர்களின் முகத்தில் சந்தோஷம்தான். ஆனாலும், கலியாணத்துக்கு உடுத்து வந்து திகதி மாறிவிட்டது என்று கேள்விப்பட்டவர்களின் முகமாகவும் கொஞ்சம் இருந்தது. இது யாசீனின் பரக்கத்தால் திரும்பி வந்த உயிர் என்றார் மரைக்கார். ஓம், பரக்கத்தான் என்றார் மச்சான். ராத்தாவின் அறையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒருமுறைதான்.

அன்று மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஒரு சனல் அந்தப் பேஸ்புக் செய்தியை எடுத்து விவாதித்தது. கஞ்சா மருந்து கிடைக்காததால்தான் அந்தத் தாய் இறந்தார் என்றார் ஒருவர். கள்ளமாக வாங்கிக் குடித்ததால்தான் இறந்தார் என்றார் மற்றவர். ராத்தாவும் நானும் இருந்து பார்த்தோம்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் கதைக்கிறாங்க," என்றார் ராத்தா. "நான் எதில மௌத்தான எண்டு முடிவெடுத்தாங்கண்டாக் காணும்."

செய்திப் பக்கம் தன் செய்தியை எடுக்கவில்லை. அதற்குத்தான் அதிக லைக் விழுந்திருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் ராத்தாவை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். மருந்து வந்திருந்தது. சில்லுக் கதிரையில் குனிந்தபடி இருந்த ராத்தாவை நர்ஸ் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ மௌத்தாகிட்டாதானே?" என்றார். "நாங்க பேஸ்புக்கில பாத்தமே. இவக்கு வெச்ச மருந்த வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சி."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிலர் ராத்தாவை அடையாளம் கண்டுவிட்டார்கள். "அந்தக் கஞ்சா உம்மா," என்று ஒரு குரல் கேட்டது. ராத்தாதான் எப்போதும் எனக்காகவும் சேர்த்துப் பேசுகிறவர். அன்று வலியில் அவருக்குப் பல் கிட்டியிருந்தது. நான் காத்திருந்தேன்.

"மௌத்தான ஆளுக்கு வலிக்காது மிஸ்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இவக்கு வலிக்கிது. மருந்த எடுக்காம நான் இந்த இடத்த விட்டுப் போமாட்டன்."

நர்ஸ் உள்ளே போனார். ஒரு டொக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் பாதி அளவில் ஒரு போத்தல் வந்தது. மற்றப் பாதி பிறகு என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மருந்தைக் குடித்த ராத்தா கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனார். அப்போது வாசலில் சலாம் கேட்டது. மௌத்திலிருந்து திரும்பியவரைப் பார்க்க மச்சான் நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். கையில் அப்பிள் பை.

"ராத்தா தூங்குறா," என்றேன். "பிறகு வாங்க."

"பிறகெண்டா எப்ப?"

"அவ எழும்பினாப் பொறகு."

"நோயாளியப் பாக்க வந்த ஆக்களத் திருப்பி அனுப்புறது பாவம்டா."

"இரிக்கட்டும் மச்சான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்பிள் பையைக் கொடுப்பதா கொண்டுபோவதா என்று யோசித்து, கொடுத்துவிட்டு வெளியே இறங்கினார். ஆனால் ஐந்து பேரும் போகவில்லை. தெருவில் மரைக்காரைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். புதிதாக ஏதோ சட்டமூலம் வரப்போகிறதாம். மச்சானின் குரல் உயர்ந்தது, மரைக்காரின் குரல் அதற்கு மேலே போனது. நான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். ராத்தாவின் குறட்டைதான் கேட்டது.