மூட்டையில் மூன்று படி குறைவு

மளிகைக் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்பவள் எப்போதும் குற்றவாளிதான். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். போடியில் எங்கள் கடை ஓடுவதே, வாரம் ஒருமுறை எஸ்டேட் மெஸ்ஸுக்கு மலையேறும் ஜீப்பு லோடால்தான். அது நின்றால் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் ஏலக்காய் பொறுக்கப் போகவேண்டியதுதான்.

லிட்டர் பாக்கெட்

பக்கத்துச் சிலமலை ஊர்ப் பெரியவர் ஒருவர், வாங்கிய எண்ணெய் பாக்கெட்டை அவரே எடுத்து என் தராசில் வைத்தார். ஒரு கிலோ வரவில்லை. "லிட்டர் வேற, கிலோ வேற அப்பு, எண்ணெய் தண்ணியவிட லேசு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லாமல் பாக்கெட்டைக் கிழித்து லிட்டர் கப்பில் ஊற்றிக் காட்டினேன். விளிம்பு வரை வந்தது. கப்பைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப இந்தக் கப்பும் சின்னக் கப்புதான, ஆத்தா?"

மைசூர்பாகு

ராசிங்காபுரத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்ட பெண், டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே களி மாதிரி ஒன்று. என் கடலை மாவில் கலப்படமாம். விசாரித்தேன். வீடியோவில் ஒரு கப் மாவுக்கு இரண்டு கப் சீனி. இவள் அதைக் கால் கிலோவுக்கு அரைக் கிலோ என்று போட்டிருக்கிறாள். ஒரு கப்பில் சீனி நிற்கிற எடையில் பாதிதான் மாவு நிற்கும். ஆக, போடவேண்டியதைப் போல மாவு இரண்டு பங்காகிவிட்டது.

பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். முகம் மட்டும் தெளியவில்லை.

"மாவுல கோளாறு இல்லைன்னா எனக்குச் சமைக்கத் தெரியலைன்னு ஆயிரும்க்கா. பேசாம கலப்படம்னே இருந்துட்டுப் போகட்டும்."

தலை தட்டாத படி

போன மாதம் குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாதான். "அரிசி மூட்டைக்கு மூணு படி கொறையுதுக்கா. லோடை வேற கடைக்கு மாத்தச் சொல்றாக." தராசைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஜீப்பிலேயே ஏறினேன்.

தொழிலாளிகள் சுற்றி நிற்க மூட்டையை வைத்தேன். இருபத்தைந்து கிலோ சரியாக நின்றது. படியால் அளந்தார்கள். மூன்று படி குறைந்தது! எல்லாரும் தராசை முறைத்தார்கள். நான் படியை முறைத்தேன். புதிதாக வந்த சமையல்காரர் ஒவ்வொரு படியையும் கோபுரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். முன்பிருந்தவர் விளிம்போடு தலை தட்டி அளப்பவராம். "உழைக்கிற சனத்துக்குப் போடுற அரிசியத் தலை தட்டி அளக்கலாமாக்கா?" என்றார் இவர். கெஞ்சிக் கூத்தாடித் தட்டி அளக்க வைத்தேன். பழைய கணக்கு வந்துவிட்டது.

பாண்டியம்மா தொழிலாளிகளோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"லோடு ஒங்களுக்குத்தான்க்கா. தராசை மட்டும் இங்கனயே வச்சிட்டுப் போங்க."

கடைக்குப் புதுத் தராசு வாங்கி, அது சரியா என்று பார்க்க எதிர்க்கடையில் ஒரு கிலோ சீனி வாங்கி வைத்தேன். துல்லியமாக ஒரு கிலோ காட்டியதும், அந்த ஆளுக்கு எப்படி இவ்வளவு சரியாக வந்தது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.