நான்கு நிமிடக் கிடா

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக் கூடாது. நான். இரண்டாம் கேமராவில் என் மனைவி. முதல் கேமராவில் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். தேனியிலிருந்து எல்இடி திரை கொண்டுவந்தவர். விழாவை நடத்தியவர், ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் மனைவியின் அண்ணன், வீரபாண்டிக்காரர். விழாக்காரர் மனைவியின் தம்பி, கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் விடுகிறவர். ஆக, பெரியவர்கள் ஏழு பேர். காது குத்திக்கொள்ள வந்த பிள்ளைகள் இரண்டு. கிடா ஒன்று. மண்டபத்தில் இன்னும் எழுநூறு பேர் சாப்பிட்டார்கள், ஆனால் அவர்களுக்கும் எனக்கும் வழக்கு இல்லை.

விசேஷங்களில் மேடையில் நடப்பதைப் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுவது என் தொழில். இரண்டு கேமரா ஓடும். எந்த நேரத்தில் எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிட ஒரு மிக்சர் பெட்டி வேண்டும். என்னிடம் அது கிடையாது. மதுரையிலிருந்து வாடகைக்கு வரும். நாளுக்கு ஆறாயிரம், கூட வரும் ஆளுக்குப் பேருந்துக் காசு, டிபன் தனி. என் கைக்கு மிஞ்சுவதைப் பார்த்து என் மாமனார் சொல்லிவிட்டார்:

"மாப்ள, இந்த ஓடைப்பட்டி விசேசத்தோட பாப்பம். இதுலயும் காசு நிக்கலைன்னா பேசாம நம்ம மண்டிக்கு வந்து கணக்கு எழுதுங்க."

அவருக்குக் கம்பத்தில் வாழைக்காய் மண்டி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதே கணக்குக்குப் பயந்துதான். தார் எத்தனை, சீப்பு எத்தனை, கழிவு எத்தனை என்று ஒரு நாள் முழுக்க ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று நினைத்தாலே எழுந்து ஓடத் தோன்றும். ஆகவே பெட்டியில்லாமல், லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போட்டு அதிலேயே மிக்சிங் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த விழாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இங்கே தாய்மாமன்கள் இருவர். கிணற்று மோட்டார் தகராறில் அவர்கள் பேசி மூன்று வருடம் ஆகிறது. ஒருவர் மடியில் உட்கார வைத்தால் இன்னொருவர் சீர் கொண்டுவர மாட்டார். அதனால் விழாக்காரர் மூத்த பெண்ணுக்குக் காது குத்தாமல் தள்ளிப்போட்டு, இரண்டாவதாக ஒரு பையன் பிறந்து தவழும்வரை பொறுத்திருந்து, மடிக்கு ஒரு பிள்ளை என்று சரிக்கட்டியிருந்தார். அத்தனை முன்யோசனை உள்ள மனிதர் என்னிடம் வந்து சொன்னார்:

"பெரிய மச்சான் சீரு கெழக்கு வாசல்ல வரும், சின்ன மச்சான் சீரு வடக்கு வாசல்ல வரும். ஒரே நேரத்துல. தெரையில ரெண்டு பேரும் பாதிப் பாதியா ஒண்ணா வரணும். ஒரு வெரக்கடை கூடக் கொறையப்படாது. கொறஞ்சா என் வீட்டுல அடுப்பு எரியாது."

மொத்தம் பதினெட்டாயிரம் பேசி ஐயாயிரம் முன்பணம் கொடுத்தார்.

மதுரைப் பெட்டியில் ஒரு படம் பெரிதாகவும் இன்னொன்று மூலையில் தபால்தலை மாதிரியும்தான் வரும். எந்தத் தாய்மாமனைத் தபால்தலை ஆக்குவது? ஆகவே மென்பொருள்தான் வழி.

தேடியதில் மூன்று வகை கிடைத்தது. ஒன்று, காசு கட்டி வாங்குவது. அதன் விலைக்கு இன்னொரு கேமராவே வாங்கலாம். இரண்டாவது, அதையே பூட்டை உடைத்து பென் டிரைவில் முந்நூறு ரூபாய்க்குத் தருவதாக ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னது. அதைக் கேட்டதும் மேடைக்கு நடுவில் போலீஸ் வந்து என் லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துப்போவது கண்ணில் தெரிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். மூன்றாவது, முழுக்க இலவசம். உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிச் சும்மா கொடுக்கிறார்களாம்.

சும்மா என்றதும் எனக்குப் பயம் வந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"எவனாச்சும் சும்மா குடுப்பானா? ஊசி காதுக்குக் கிட்ட வாரப்ப, காசு கட்டுனாத்தான் படம் வரும்னு நிறுத்திப்புட்டான்னா?"

"ரேசன் கடையில அரிசி சும்மாதான குடுக்காக. ஒல கொதிக்கிறப்ப வந்து காசு கேட்டாகளா?"

"அது கவருமெண்டு."

"அப்ப கவருமெண்டுகிட்டப் போயி மிக்சரு கேளுங்க."

அவள் பிளஸ் டூ. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. காசு வாங்குகிற கம்பெனி என்றால் பிரச்சினை வரும்போது சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் இருப்பான் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அந்தக் காசு மென்பொருளையே சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று போட்டிருந்தது. அதை ஏற்றினேன். ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரி வந்தது. கீழே ஓகே இருந்தது. அழுத்தினேன்.

"என்ன போட்டிருந்துச்சு?" என்றாள்.

"நல்லா வரும்னு போட்டிருந்துச்சு."

வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். ஒரு கேமராவில் அவளையும் இன்னொன்றில் குக்கரையும் வைத்து லேப்டாப்பில் பாதிப் பாதியாகப் போட்டேன். அளவு நூல் பிடித்த மாதிரி இருந்தது. "நானும் குக்கரும் ஒரே ஒசரம். திருப்திதான?" என்றாள். அந்தத் தெம்பில் நான் ஒரு வாரம் தூங்கினேன். இடையில் ஒருநாள் அவள் இலவச மென்பொருளையும் லேப்டாப்பில் ஏற்றியதோ, அதிலும் இரண்டு பாதியை அளந்து தயாராக வைத்ததோ எனக்குத் தெரியாது. நான் அப்போது மண்டியில் மாமனாரிடம், "இந்தத் தடவை பாருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழா நாள் காலை பத்து மணிக்குக் கம்பத்து மண்டபத்தில் இரண்டு வாசலிலும் மேளம் ஒரே நேரத்தில் அடித்தது. மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, லேப்டாப் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழக்கு வாசலில் கேமராவோடு என் மச்சான். வடக்கு வாசலில் மனைவி. பெரிய மாமனின் கிடா, கழுத்தில் மாலையோடு முன்னதாகவே வந்து மேடையோரத் தூணில் கட்டப்பட்டிருந்தது. இரண்டு படத்தையும் சேர்த்துத் திரைக்கு விட்டேன். இடப்பக்கம் பெரிய மாமன், வலப்பக்கம் சின்ன மாமன். பன்னிரண்டடித் திரையில் இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நடந்து வந்தார்கள். விழாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

எல்இடிக்காரர் வடையைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த ஜீப்புக்காரர் நெத்தியில என்னமோ எழுதியிருக்குல்ல?"

லேப்டாப்பைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தேன். வலது பாதியில் குறுக்கே வெள்ளையாகக் கொட்டை எழுத்தில், கம்பெனியின் பெயரும், இது காசு கட்டாத நகல் என்பதும் ஆங்கிலத்தில் ஓடியிருந்தது. வெளியே போகும் படத்தில் மட்டும்தான் அது விழுமாம். நான் ஓகே அழுத்திய பத்துப் பன்னிரண்டு வரியில் அதுதான் இருந்திருக்கிறது. வீட்டில் எனக்கு எல்இடி திரையா இருக்கிறது?

விழாக்காரர் ஓடிவந்தார்.

"ஏப்பா, சின்ன மச்சான் மேல என்ன எழுதிவச்சிருக்கீக? படிச்ச பயலுக சிரிக்கிறானுக. காசு கட்டலைன்னு போட்டிருக்காம்ல! அவரு ஜீப்புக்கு டியூ கட்டலைன்னு ஏற்கெனவே ஊர்ல பேச்சு!"

"அண்ணே, அது அவரச் சொல்லல, என்னச் சொல்லுது."

"ஒங்க மூஞ்சியிலயா இருக்கு? அவரு மூஞ்சியில இருக்கு! எடுங்க!"

"எடுக்க முடியாதுண்ணே. காசு கட்டணும்."

 பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து மடியைப் பங்கு வைத்தவரல்லவா, இதற்கும் ஒரு பங்கு கண்டுபிடித்தார்.

"சரி, ரெண்டு பேருக்கும் சமமாப் போடுங்க. ஒரு நிமிசம் இவருக்கு, ஒரு நிமிசம் அவருக்கு."

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. எழுத்து வலப்பக்கமேதான் இருக்கும். மாமன்களை இடம் மாற்றினால் போதும். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றினேன்.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. எதிரெதிரே நடந்து வருகிறவர்களைப் பக்கம் மாற்றிப் போட்டால், இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போவது போலத் தெரியும். முதல் தடவை மாற்றியதும் பந்தியிலிருந்து கை கழுவாமல் நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

"என்னப்பா, சீரு திரும்பிப் போகுது? கோவிச்சுக்கிட்டாகளா?"

"ரெண்டு பக்கமுமில்ல போறாக! அப்ப பெரிய சண்டைதான்."

அடுத்த நிமிடம் மாற்றினேன், சமாதானமாகி வந்தார்கள். அதற்கடுத்த நிமிடம் மறுபடி கோபித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளின் தாயார் சமையற்கட்டிலிருந்து அழுதுகொண்டே வாசலுக்கு ஓடினார். வாசலில் இரண்டு மாமன்களும் தட்டுகளோடு ஒழுங்காகத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தங்களைப் பார்த்து ஏன் எல்லோரும் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

என் மனைவி கேமராவோடு வந்து, அதை மேசைக்கு அருகிலிருந்த ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

"எந்திரிங்க."

"என்ன பண்ணப் போற?"

"சும்மா குடுக்கிறவன் கால்ல விழப் போறேன். எந்திரிங்கன்னா."

காசு மென்பொருளை மூடினாள். திரை கறுப்பாகி, மண்டபம் முழுக்க "ஓ" என்று சத்தம். எல்இடிக்காரர் வடையை வாயில் வைத்தபடியே, "கறுப்பு தெரிஞ்சா என் தெரை கெட்டுப்போச்சும்பாக" என்று சொல்லி, ஸ்டாண்டில் நின்ற கேமராவின் வயரைப் பிடுங்கி நேராகத் திரைக்குச் செருகிவிட்டார். அந்தக் கேமரா தூணைப் பார்த்து நின்றது.

பன்னிரண்டடித் திரையில் கிடா வந்தது.

சின்னப் பையன்கள் விசிலடித்தார்கள். கிடா தன் கழுத்து மாலையைத் திரும்பிப் பார்த்து, ஒரு ரோஜாவைத் தேர்ந்தெடுத்து நிதானமாகத் தின்றது. அதற்கு என்ன அவசரம். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, இலவச மென்பொருளில் கேமராக்களைத் தேடிப் பிடித்து, வயரை மறுபடி மாற்றி எல்லாம் முடிய நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் நான் ஃபேனைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வாழைத்தார் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு தார்வரை வந்தது.

அதற்குள் சீர் இரண்டும் மேடைக்கு வந்துவிட்டன. சின்ன மாமன் திரையைப் பார்த்தார். பிறகு மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தன் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கிடாவக் காட்டச் சொல்லிக் காசு குடுத்தியோ?"

"ஏலே, என் கிடாவுக்குக் காசு வேற குடுக்கணுமாக்கும்? அது லெச்சணத்துக்கு ஊரே பாக்குது. நீயுந்தான் கொண்டாந்திருக்க, அம்பது தட்டு. அது என்ன மால தின்னுமா?"

"தட்டுல இருக்கிறது பட்டுடா!"

"டாவா?"

விழாக்காரர் நடுவில் விழுந்தார். அந்தச் சமயம் என் மனைவி ஸ்டாண்டுக் கேமராவைச் சின்ன மாமன் பக்கம் திருப்ப, திரையில் படம் வந்தது. இரண்டு பாதி. அளவு நூல் பிடித்த மாதிரி. யார் நெற்றியிலும் எழுத்தில்லை. இரண்டு மாமன்களும் தங்கள் சண்டையைத் தாங்களே பெரிதாகப் பார்த்தார்கள். பெரியவர் துண்டைச் சரிசெய்தார். சின்னவர் மீசையைத் தடவினார். அதோடு இருவரும் உட்கார்ந்து மடியை நீட்டினார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், பாதிப் பாதித் திரையில் அழுதன. சத்தம் மட்டும் வாய்க்கு அரை நொடி முந்தி வந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் விழாக்காரர் ஒன்பதாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தார்.

"மிச்சம்ணே?"

"ரெண்டு பேரும் பேசிட்டாக. திட்டுனாலும் பேச்சுப் பேச்சுதான். அதுக்கு ஒங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா சின்ன மச்சான் ஒரே பிடியா நிக்கிறாரு. அண்ணன் கிடா நாலு நிமிசம் தெரையில நின்னுச்சுல்ல, என் தட்டு வரிசையும் வீடியோவுல நாலு நிமிசம் தனியா வரணும்ங்கிறாரு. போட்டுக் குடுங்க, நிமிசத்துக்கு ஆயிரம்னு வாங்கிக்கிருங்க."

வீட்டுக்கு வந்து மனைவி எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தேன். மாமன் முகமும் மேளமும் போக, தட்டு வரிசை மொத்தமே இரண்டு நிமிடம் இருபது நொடிதான் இருந்தது. மெதுவாக ஓடவிட்டு நான்கு நிமிடமாக்கிக் கொண்டுபோனேன். ஜீப்பில் சாய்ந்துகொண்டு பார்த்த சின்ன மாமன், "என்னய்யா, நாங்க சீரு கொண்டு போறமா, தண்ணிக்குள்ள நடக்கிறமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே தட்டுகளை இரண்டு தடவை வருகிற மாதிரி ஒட்டிக் கொண்டுபோனேன். அவர் வீட்டம்மாள் எண்ணிப் பார்த்து, "நூறு தட்டா? நாளைக்கு எங்க வீட்டு விசேசத்துக்கு ஓடைப்பட்டிக்காரக திருப்பி நூறு செய்வாகளா?" என்று கேட்டார். அதுவும் ஆகவில்லை.

பெட்டி வாடகை ஆறாயிரம் அந்தத் தடவை மிஞ்சியது. மாமனார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, மண்டிப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பதினோரு விசேஷம் இலவச மென்பொருளிலேயே ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஊசி காதருகே போகும்போது, இப்போது காசு கேட்கப் போகிறது என்று திரையையே பார்ப்பேன். இதுவரை கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்று ஓடைப்பட்டிக் காசைத்தான் மனதில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அது இன்னும் வரவில்லை: நாலாயிரம் ரூபாய்.