தங்கவேல் அண்ணனின் பெரட்டுப் பாட்டு

என் பெயர் மு. சந்திரமோகன். பதுளையில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துபவன். பாட்டுக்காரரும் லொறிச் சாரதியுமான தங்கவேல் அவர்களை அறியாதவர்களுக்கு அறிமுகப்படுத்துவதும், அறிந்தவர்களிடம் ஒரு பிழையை ஒப்புக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, அப்பா போயிட்டாங்க. அப்புத்தளைக்கிட்ட லொறிய ஓரமா நிப்பாட்டி, ஹேண்ட்பிரேக்கும் போட்டுட்டுத்தான் சாஞ்சிருக்காங்க."

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தெமோதரைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்தவர். இருபத்திரண்டாம் வயதில், தோட்டத்துப் பொங்கல் விழாவுக்கு ஒரு பாட்டு எழுதினார்.

பெரட்டு கலைஞ்சா ரோடு நமக்கு,
பேரு கூப்பிட்டா ஆளு இல்ல!

பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். நகரத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. பாட்டு அச்சுக்கு வந்தபோது அகராதியைப் பார்த்தேன், சொல் இல்லை. 'புரட்டு' என்று திருத்தினேன்.

விழாவில் இளைஞர்கள் அச்சில் இருந்தபடியே பாடினார்கள். பெரட்டில் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை எழுந்தார். "யாருடா புரட்டுக்காரன்? நானா?"

அச்சுப்பிழை என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். "எழுதினது நாந்தாங்க" என்றார் தங்கவேல். அடுத்த பெரட்டில் அவர் பெயர் கூப்பிடப்படவில்லை.

ஒரு வாரத்தில் அச்சகத்துக்கு வந்தார். கொழும்பு லொறியொன்றில் கிளீனராகச் சேர்ந்திருந்தார். முதலாளியின் காதில் விழாதவாறு கேட்டார்: "ஏன் தம்பி, திருத்துனது நீங்கதானே?"

தலையசைத்தேன்.

"வேலை நிரந்தரமாயிருச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க. எனக்கு ரோடு கெடச்சிருச்சி."

மூடிக்கொண்டேன். வேலை நிரந்தரமான பின்னும் திறக்கவில்லை. ஹாலிஎல முதல் அப்புத்தளை வரை, சுற்றுலா போகும் வேன்களிலெல்லாம் இளைஞர்கள் என் பிழையைக் கைதட்டிப் பாடினார்கள். திருத்திவிடுவோம் என்று அவரிடம் பலமுறை கெஞ்சினேன்.

"விடுங்க தம்பி. பெரட்டுன்னா தோட்டத்துக்கு மட்டுந்தான் புரியும். புரட்டுன்னா நாட்டுக்கே புரியும்!"

மேடையில் அப்படித்தான் பாடினார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பெரட்டு என்றுதான் வாயில் வரும். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வளைவுக்கு வளைவு கேட்டிருக்கிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, மலைக்காற்றுக்கு முகத்தைக் கொடுத்துப் பாடுவார். அவ்வளவு நிறைவான முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நினைவு மலரில் அந்தப் பாட்டைச் சேர்க்க வேண்டும் என்கிறார் மகள். "பிழை இல்லாமப் பாத்துக் குடுங்க மாமா" என்றும் சொன்னார். நடந்தது அவருக்குத் தெரியாது.

பெரட்டு என்றே அச்சிடுவேன். அதன் அடியில், 'முன்னைய பிழை: மு. சந்திரமோகன்' என்று சேர்ப்பேன். பதினாறாம் நாள் கருமாதியன்று, அவருடைய தோட்டத்தார் முன்னிலையில் எழுந்து நின்று, அன்று விடுபட்ட அவர் பெயரை நானே உரக்கக் கூப்பிடுவேன். ஆளு இல்ல. போய் வாருங்கள் அண்ணே, ரோடு உங்களுக்கு.