அத்தைக்கு ஒரு கூடை

என் பிடிவாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் உடனே குளியலறைக் கதையை எடுத்துவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அன்று செய்ததற்கு இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, தம்பி, நான். கோடை விடுமுறையில் அப்பாவின் தங்கையும் ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது தொப்பம்பட்டிப் பக்கம். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு 'சும்மாதான்' என்பதற்கு மேல் அவளிடமிருந்து பதில் வரவில்லை. எனக்கு அவள் வந்ததே கொண்டாட்டம். தலை பின்னும்போது அம்மாவைப் போல முடியைப் பிடித்து இழுக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை மாமாவிடமிருந்து போன் வந்தது. மறுநாள் வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். போனை வைத்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை கை கால் கழுவுகிற இடம் இந்த லட்சணத்திலா இருப்பது என்றார். அதுவரை அங்கே ஒரு மக்கைக்கூட நகர்த்தி வைத்தறியாத மனிதர்.

குப்பையும் கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் இன்னும் ஒரு தலைக்கு வரும் என்று அம்மா காப்பாற்றி வைத்திருந்த ஷாம்பு பாட்டில்கள், காய்ந்து போன சீயக்காய்ப் பொட்டலம், மயிர் விரிந்த பிரஷ்கள், பிடி உடைந்த மக். கண்ணாடி பூராவும் ஸ்டிக்கர் பொட்டுகள். குளிக்கப் போகும்போது அம்மாவும் அத்தையும் நானும் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை. அதில் முகம் பார்த்தால் அம்மை போட்டதுபோல் தெரியும். அப்பா என்னுடைய ஸ்கேலை எடுத்து ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அம்மா பாட்டிலுக்குப் பாட்டில் வாதாடித் தோற்றாள்.

சாயங்காலம் அப்பா பிளாஸ்டிக் கூடைகள் வாங்கி வந்து சுவரில் வரிசையாக மாட்டினார். அவருக்கு நீலம், அம்மாவுக்குப் பச்சை, எனக்கு ரோஸ், தம்பிக்கு மஞ்சள். இனிமேல் அவரவர் பொருள் அவரவர் கூடையில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

அத்தைக்கு மட்டும் கூடை இல்லை. அவளுடைய சோப்பு டப்பா, மஞ்சள் கிழங்கு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டியிருந்தார்.

"அத்தைக்கு எங்கப்பா?" என்றேன்.

"அவதான் நாளைக்குக் கெளம்புறாள்ல. அவளுக்கு எதுக்கு?"

அத்தை அங்கேதான் நின்றிருந்தாள். பையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ரோஸ் கூடையைக் கவிழ்த்துவிட்டு அத்தையின் சாமான்களை அதில் அடுக்கினேன். அப்பா எடுத்துப் பையில் போட்டார். மறுபடியும் அடுக்கினேன். முதுகில் ஒன்று விழுந்தது. விழட்டும் என்று இன்னொரு தடவையும் அடுக்கினேன். அதையும் எடுத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் அம்மா கோழிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தோளில் துண்டோடு குளிக்கத் தயாராக இருந்தார். நான் அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் உள்ளே ஓடித் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் ஒன்றுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அத்தைக்குக் கூடை வாங்கிட்டு வந்தாத்தான் தெறப்பேன்!" என்று கத்தினேன்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகு மிரட்டினார். அவசரம் என்று தம்பி அலற ஆரம்பித்ததும் கெஞ்சலுக்கு இறங்கி வந்தார். "மாப்பிள்ள வார நேரம்டா தங்கம். செத்த தெற." நான் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் காது கேட்காததுபோல் இருந்தேன். கடைசியில் அவர் அத்தையைக் கூப்பிட்டு, "நீ சொன்னாத்தான் கேப்பா. தெறக்கச் சொல்லும்மா" என்றார்.

குழாயை மூடினேன். அத்தை சொன்னால் திறந்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"தெறக்காத தாயி," என்றாள் அத்தை கதவருகே வந்து. "நீ உள்ளயே இரு."

பிறகு அவளே அப்பாவிடம் சொன்னாள்: "எனக்கும் இங்கன ஒரு கூடை வேணும்ண்ணே. நான் அங்க போகமாட்டேன்."

"என்னம்மா பேசுற? மனுசன் பஸ் ஏறி வந்துக்கிட்டு இருக்காரு. அங்க ஒனக்கு அப்படி என்ன கொறச்சல்?"

"அங்க குளிக்கிற எடத்துக்கு உள்தாழ்ப்பாளே கெடையாதுண்ணே. கழட்டிப்புட்டாரு. உள்ள வச்சு யாருகிட்டயோ போன் பேசுறேனாம். நெனச்ச நேரம் கதவத் தள்ளிக்கிட்டு வாராரு. அவுக அம்மா இருந்தாலும் வாராரு, ஆளுக நின்னாலும் வாராரு."

அவள் அழவில்லை. சண்டைக்கு நிற்கிற குரலில்தான் சொன்னாள். அத்தைக்கு அப்படியொரு குரல் உண்டு என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பாவின் போன் அடித்தது. எடுக்காமலே வெகுநேரம் அடிக்கவிட்டார். எடுத்ததும், "மாப்பிள்ள, நீங்க வீட்டுக்கு வர வேணாம். பஸ் ஸ்டாண்டுலயே இருங்க. நான் அங்கிட்டு வாரேன், பேசிக்கிருவோம்" என்றார். குளிக்காமலேயே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிற சத்தம் கேட்டது.

நான் கதவைத் திறந்தேன். தம்பி என்னை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அம்மா மசாலாக் கையோடு அத்தையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுதது அம்மாதான். ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வந்த எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஒரு தாழ்ப்பாள் இல்லாததற்கா இத்தனை அழுகை?

"நம்ம ஊருல கெடைக்காத தாழ்ப்பாளா?" என்றேன். "அப்பாகிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கி மாமா கையில குடுத்து விட்டாப் போச்சு."

அதைக் கேட்டதும்தான் அத்தை உடைந்து அழுதாள். இவ்வளவு நல்ல யோசனை சொல்லியும் அழுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.